சிகாகோ 1893 உலகக் கண்காட்சி விட்டுச்சென்றவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினாப் புத்தகங்களிலும் வாட்ஸ்அப் பார்வர்டுகளிலும் சிகாகோ 1893 அடிக்கடி தலைகாட்டும். கொலம்பஸ் அமெரிக்கா போன நானூறாம் ஆண்டைக் கொண்டாட அங்கே நடந்த உலகக் கண்காட்சிதான் அது. ஜெயன்ட் வீல், ஜிப், ஏசி மின்சாரம், விவேகானந்தர் உரை என்று எதைக் கேட்டாலும் "அங்கேதான் முதன்முதலில்" என்பார்கள். இவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில வெறும் விளம்பரம். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள், ஆசிரியர்கள், வினாடி வினாக்காரர்கள், அஞ்சல்தலை சேகரிப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது.

கொலம்பஸ் அமெரிக்கா போனது 1492. நானூறாவது ஆண்டு 1892 தானே? கண்காட்சி ஏன் 1893-இல்?

வேலை முடியவில்லை, அவ்வளவுதான். கண்காட்சியை நடத்தும் உரிமைக்காக நியூயார்க், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ், சிகாகோ ஆகிய நான்கு நகரங்கள் முட்டி மோதின. அமெரிக்க காங்கிரஸில் 1890 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் சிகாகோ வென்றது. 1871 பெருந்தீயில் எரிந்து எழுந்த ஊர் அது. ஒதுக்கிய இடமான ஜாக்சன் பூங்காவோ மிச்சிகன் ஏரிக்கரையில் மணலும் சதுப்புமாகக் கிடந்தது. அதைத் தோண்டிக் கால்வாய்களும் குளங்களும் தீவும் ஆக்கியவர் பூங்கா வடிவமைப்பாளர் பிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட். மொத்தம் சுமார் 690 ஏக்கர்.

ஆகவே 1892-இல் அர்ப்பணிப்பு விழா மட்டும் நடந்தது. அதன் தேதி அக்டோபர் 21. கொலம்பஸ் கரை கண்டது அக்டோபர் 12 ஆயிற்றே என்று கேட்கலாம். அது பழைய ஜூலியன் நாள்காட்டிக் கணக்கு. இன்றைய கிரெகோரியன் கணக்கில் அதே நாள் அக்டோபர் 21. மக்களுக்குக் கதவு திறந்தது 1893 மே 1. வெள்ளை மாளிகைக்கு இரண்டாம் முறை வந்திருந்த அதிபர் கிளீவ்லண்ட் ஒரு பொத்தானை அழுத்த, இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அக்டோபர் 30-இல் மூடினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு சிகாகோ மேயர் கார்ட்டர் ஹாரிசன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டதால் நிறைவு விழா கொண்டாட்டமே இல்லாமல் போயிற்று.

வந்தவர்கள் 2.7 கோடிப் பேர் என்பது நம்பக்கூடியதா?

அது நுழைவுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அன்று. ஒரே ஆள் பத்து நாள் வந்தால் பத்து. ஊழியர்களும் இலவச பாஸ்காரர்களும் அதில் அடக்கம். பணம் கொடுத்து நுழைந்தவை மட்டும் சுமார் 2.15 கோடி. அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 6.3 கோடி என்பதை வைத்துப் பார்த்தால் இதுவே மலைக்க வைக்கும் எண்தான். "மூன்றில் ஒரு அமெரிக்கர் வந்தார்" என்று எழுதும்போது மட்டும் இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

உச்சம் அக்டோபர் 9, 'சிகாகோ நாள்'. பெருந்தீயின் ஆண்டு நினைவு நாளான அன்று ஒரே நாளில் 7,16,881 பேர் சீட்டு வாங்கினார்கள். பெரியவர்களுக்கு 50 சென்ட், சிறுவர்களுக்கு 25 சென்ட்.

'வெள்ளை நகரம்' பளிங்கால் கட்டப்பட்டதா?

இல்லை. 'வெள்ளை நகரம்' என்று பெயர் பெற்ற கண்காட்சிக் கட்டடங்களில், படங்களில் பளிங்கு மாளிகைபோலத் தெரிவதெல்லாம் அரை அங்குலத் தோல். அதற்கு 'ஸ்டாஃப்' என்று பெயர். பாரிஸில் 1878 கண்காட்சியிலேயே பயன்பட்ட உத்தி.

செய்முறை இது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான் முக்கியச் சரக்கு. அதோடு கொஞ்சம் அலுமினா, கிளிசரின், டெக்ஸ்ட்ரின் பசை, தண்ணீர். நெருப்பே வேண்டாம், குளிர்ந்த கலவைதான். முதலில் களிமண்ணில் மாதிரி செய்து அச்சு எடுப்பார்கள். குடைவும் நெளிவும் உள்ள சிற்ப வேலைக்கு, வளைத்துக் கழற்ற வசதியாக ஜெலட்டின் அச்சு. அச்சுக்குள் கலவையை ஊற்றி, நடுவில் கோணித்துணியோ சணல் நாரோ பதிப்பார்கள். வெறும் பிளாஸ்டர் என்றால் தூக்கும்போதே பொடிந்துவிடும். நார் உள்ளே இருந்தால் பலகைபோல நிற்கும். காய்ந்ததும் ரம்பத்தால் அறுக்கலாம், ஆணி அடிக்கலாம். மரச் சட்டத்தின் மேலும் இரும்புச் சட்டத்தின் மேலும் இந்தத் துண்டுகளை அறைந்து, மூட்டுகளைப் பூசி மறைத்தால் ரோமாபுரி தயார்.

இயல்பான நிறம் அழுக்கு வெள்ளை. அதனால் பெயின்ட் அடித்தாக வேண்டும். இத்தனை பெரிய பரப்புக்குத் தூரிகை எட்டாது என்பதால், வண்ணப் பொறுப்பாளர் பிரான்சிஸ் மில்லெட்டின் ஆட்கள் குழாய் வழியே பெயின்டைப் பீய்ச்சி அடித்தார்கள். இன்றைய ஸ்பிரே பெயின்டிங்குக்கு அது ஒரு முன்னோடி. எல்லாக் கட்டடமும் ஒரே வெள்ளையில் இருந்ததற்குக் கலைக்கொள்கை பாதிக் காரணம். மீதிப் பாதி, நேரம் இல்லாதது.

கோளாறு எங்கே என்றால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும். சிகாகோ குளிரில் உறிஞ்சிய தண்ணீர் உறைந்து விரியும். மூட்டுகள் வாய் பிளக்கும். இரண்டாவது பனிக்காலத்தில் உதிரும். போதாக்குறைக்கு உள்ளே காய்ந்த மரம், வெளியே எண்ணெய் பெயின்ட். கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1893 ஜூலை 10 அன்று, குளிர்பதனக் கட்டடம் தீப்பிடித்தது. புகைபோக்கிக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிய வீரர்களுக்குக் கீழே நெருப்பு பரவிவிட்டது; 12 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 1894 ஜனவரியிலும் ஜூலை 5-ஆம் தேதியும் மூண்ட தீயில் வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

அப்படியானால் ஒரு கட்டடம்கூட மிஞ்சவில்லையா?

பூங்காவுக்குள் மிஞ்சிய பெரிய கட்டடம் ஒன்றே ஒன்று, நுண்கலை மாளிகை. காரணம் சுவையானது. ஓவியங்களை இரவல் தந்தவர்கள் தீக்கு அஞ்சினார்கள். அதனால் அதற்கு மட்டும் உள்ளே செங்கல் சுவர் எழுப்பி, மேலே ஸ்டாஃப் பூசினார்கள். கண்காட்சிக்குப் பின், சேகரித்த பொருள்களை வைக்க 1894-இல் அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தது. வணிகர் மார்ஷல் ஃபீல்ட் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். இன்றைய ஃபீல்ட் மியூசியம் அதுதான். அது 1921-இல் நகர மையத்துக்கு அருகே இடம் மாறியது. காலியான மாளிகையின் பூச்சை உரித்துச் சுண்ணக்கல் பதித்து, 1933-இல் அறிவியல் தொழில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

வெளியூர் போன கட்டடங்கள் தனி. மேய்ன் மாநிலக் கட்டடத்தைக் கழற்றி ரயிலில் ஏற்றி அம்மாநிலத்தின் போலண்ட் ஸ்பிரிங் ஊரில் மறுபடி கட்டினார்கள், இன்றும் நிற்கிறது. நார்வேயில் செய்து கப்பலில் வந்த மரக் கட்டடம் விஸ்கான்சின் மாநிலத்தில் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு, அண்மையில் பிறந்த ஊருக்கே திரும்பிவிட்டது.

நகரங்கள் கட்டப்படும் விதத்தை இந்தக் கண்காட்சி மாற்றியது என்கிறார்களே?

இதில் மிகை குறைவு. தலைமை வகித்த டேனியல் பர்னம், எல்லாக் கட்டடக் கலைஞரும் ஒரே கூரை விளிம்பு உயரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று கட்டளையிட்டார். நடுவில் நீர்த்தடாகம், சுற்றிலும் ஒரே அளவில் தூண் மாளிகைகள், கம்பிகளெல்லாம் கண்ணுக்கு மறைவாக, குப்பை இரவோடு இரவாக அகற்றல். தங்கள் ஊரில் சேறும் புகையும் கண்டு பழகிய மேயர்களும் வியாபாரிகளும் இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். 'அழகிய நகர' இயக்கம் அங்கிருந்து வேகம் பிடித்தது. வாஷிங்டனின் நடுவே இன்று நாம் படங்களில் பார்க்கும் நீண்ட புல்வெளிக்கு வடிவம் தந்த 1902 திட்டம், கிளீவ்லண்ட் நகரின் 1903 திட்டம், சிகாகோவின் 1909 திட்டம் எல்லாவற்றிலும் பர்னமின் கை உண்டு. 1905-இல் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மலைநகரமான பாகியோவுக்கும் அவரே வரைபடம் போட்டார். பாகியோவின் நடுப்பூங்காவுக்கு இன்றும் பர்னம் பெயர்தான்.

எதிர்க்குரலும் அங்கேயே எழுந்தது. போக்குவரத்து மாளிகையை வடிவமைத்த லூயிஸ் சல்லிவன் வெள்ளையை மறுத்துப் பல வண்ணம் பூசி, தங்க வளைவு வாசல் வைத்தார். இந்தக் கண்காட்சி செய்த கேடு அரை நூற்றாண்டுக்கு நீடிக்கும் என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. வங்கி, நூலகம், ரயில் நிலையம் எதுவானாலும் கிரேக்கத் தூண் வைக்கும் பழக்கம் அமெரிக்காவை அடுத்த முப்பது ஆண்டுகளுக்குப் பிடித்துக்கொண்டது. மறுபுறம், தீவின் மேல் ஜப்பான் அரசு எழுப்பிய ஹோ-ஓ-டென் என்ற சிறு மரமண்டபம் பல இளம் கட்டடக் கலைஞர்களுக்கு வேறொரு வழியைக் காட்டியது. அப்போது சல்லிவனிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த பிராங்க் லாயிட் ரைட் அவர்களில் ஒருவர். அந்த மண்டபம் 1946-இல் எரிந்துபோனது.

ஜெயன்ட் வீல் சிகாகோவில்தான் பிறந்ததா?

ராட்டினம் பிறந்தது அங்கே அல்ல. மரத்தில் செய்து கையால் சுற்றும் தொட்டில் ராட்டினத்தை 17-ஆம் நூற்றாண்டிலேயே துருக்கியப் பேரரசில் பார்த்ததாக ஐரோப்பியப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் 1892-இல் வில்லியம் சோமர்ஸ் என்பவர் அட்லாண்டிக் சிட்டியில் மர ராட்டினம் வைத்திருந்தார். ஃபெரிஸ் மேல் வழக்கும் போட்டார். சிகாகோவில் பிறந்தது, ராட்டினத்தை இரும்பில், கட்டட அளவில் செய்யலாம் என்ற துணிவு.

1889-இல் பாரிஸ் ஈபிள் கோபுரம் வைத்துவிட்டது. அதற்கு ஈடாக ஏதாவது வேண்டுமே என்று பர்னம் பொறியாளர்களைச் சீண்டினார். பாலம் கட்டுவதில் பழகிய ஜார்ஜ் ஃபெரிஸ் கொண்டுவந்த வரைபடத்தைப் பலரும் நம்பவில்லை: இத்தனை மெல்லிய ஆரக்கம்பிகள் இந்த எடையைத் தாங்குமா? அவர் பயன்படுத்தியது சைக்கிள் சக்கரத்தின் தத்துவம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் அச்சு, கீழே உள்ள ஆரக்கால்களின் மேல் உட்கார்ந்திருக்கும். சைக்கிளில் அச்சு மேல்கம்பிகளிலிருந்து தொங்கும். கம்பியை அழுத்தினால் வளையும், இழுத்தால் தாங்கும். ஆகவே மெல்லிய கம்பி போதும்.

அளவுகள்: உயரம் 264 அடி, சக்கர விட்டம் 250 அடி. அச்சு 45 அடிக்கும் மேல் நீளம், 33 அங்குலக் கனம், எடை சுமார் 40 டன். பெட்டிகள் 36; ஒவ்வொன்றிலும் 60 பேர். முழுதாக நிரம்பினால் 2,160 பேர். ஓட்ட 1,000 குதிரைத்திறன் நீராவி இயந்திரம் ஒன்று, அவசரத்துக்கு இன்னொன்று. அடித்தளம் போட்டது நடுக்குளிரில். கீழே புதைமணல், மேலே உறைந்த தரை. போட்ட கான்கிரீட் இறுகுவதற்குள் உறைந்துவிடாமலிருக்க நீராவி விட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்காட்சி தொடங்கி ஏழு வாரம் கழித்து, ஜூன் 21 அன்றுதான் மக்களை ஏற்றியது. கட்டணம் 50 சென்ட், அதாவது கண்காட்சிக்குள் நுழையும் முழுக் கட்டணம் அளவுக்கு. இரண்டு சுற்று: முதல் சுற்று ஆறு இடத்தில் நின்று நின்று ஆள் ஏற்றும், இரண்டாவது நிற்காமல் ஒன்பது நிமிடம். 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள்.

பிறகு நடந்தது சோகம். ஃபெரிஸ் 1896-இல் 37 வயதில் இறந்தார். சக்கரம் சிகாகோவில் இன்னோரிடத்துக்கும், 1904-இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கும் போய், 1906-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு இரும்புக்கடைச் சரக்கானது. ஆங்கிலத்தில் எல்லா ராட்டினத்துக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. நாம் அவரை விட்டுவிட்டு, அளவை மட்டும் எடுத்து ஜெயன்ட் வீல் என்கிறோம்.

மிட்வே என்றால் என்ன?

பூங்காவிலிருந்து மேற்கே ஒரு மைல் நீளத்துக்கு ஓடும் அகலமான பட்டை. ஆள் இழுக்கும் கேளிக்கைகளை, கட்டணம் தனியாக வாங்கிக்கொண்டு, அங்கே ஒதுக்கினார்கள். வெள்ளை நகரம் பாடம், மிட்வே திருவிழா. பாடம் எரிந்துபோயிற்று, திருவிழா நாடெங்கும் பரவியது. இன்று அமெரிக்காவில் எந்தச் சந்தையிலும் ராட்டினமும் தின்பண்டக் கடையும் இருக்கும் பகுதிக்கு 'மிட்வே' என்றே பெயர். நம் ஊர்ப் பொருட்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னால் அரசுத் துறை அரங்குகள், பின்னால் டெல்லி அப்பளமும் ஜெயன்ட் வீலும், கூட்டம் எங்கே நிற்கும் என்று சொல்லவா வேண்டும்.

மனிதர்களையே காட்சிக்கு வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆப்பிரிக்காவின் தஹோமி, ஜாவா, சமோவா, கனடாவின் லாப்ரடார் என்று பல இடங்களிலிருந்து ஆட்களை வரவழைத்து, 'கிராமங்கள்' அமைத்துக் குடிவைத்தார்கள். தாளில் இது மானிடவியல் துறையின் கீழ் இருந்தது. நடத்தியவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சால் புளூம் என்ற கேளிக்கை வியாபாரி. லாப்ரடாரிலிருந்து வந்த பனிநாட்டு இன்யூட் மக்கள் வெயிலிலும் தோல் உடையோடு நிற்கவேண்டியிருந்தது. பலர் சண்டையிட்டு வெளியேறி, வேலிக்கு வெளியே தாங்களே தனிக் காட்சி நடத்தினார்கள். ஜாவா கிராமத்தின் கமேலான் வாத்தியங்கள் இப்போது ஃபீல்ட் மியூசியத்தில் இருக்கின்றன. கண்காட்சியின் மானிடவியல் துறையில் உதவியாளராக வேலை பார்த்த ஃபிரான்ஸ் போவாஸ், இன உயர்வு தாழ்வுக் கோட்பாட்டைப் பின்னாளில் அடித்து நொறுக்கிய மானிடவியலாளர் ஆனார் என்பதும் இதே கணக்கில் சேரும்.

கறுப்பின அமெரிக்கர்களுக்கு நிர்வாகத்தில் இடமே இல்லை. அடிமையாகப் பிறந்து தலைவராக உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் அங்கே நின்றது ஹெய்ட்டி நாட்டு மண்டபத்தின் பிரதிநிதியாக. பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸுடன் சேர்ந்து, ஏன் இந்தப் புறக்கணிப்பு என்று கேட்கும் சிறுநூலை அச்சிட்டு வழங்கினார்.

ஏசி மின்சாரம் வென்றது இங்கேதானா?

இங்கே வென்றது ஒரு ஒப்பந்தம். நாடு பார்த்தது ஒரு செய்முறை விளக்கம். விளக்கு ஒப்பந்தத்துக்கு எடிசன் தரப்பு நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக் கேட்டது 5,54,000 டாலர், வெஸ்டிங்ஹவுஸ் கேட்டது 3,99,000. வெஸ்டிங்ஹவுஸ் பயன்படுத்திய, டெஸ்லாவின் மாறுமின்னோட்ட (ஏசி) முறையில் மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பி, பயன்படுத்தும் இடத்தில் டிரான்ஸ்பார்மரால் இறக்கலாம் என்பதால் மெல்லிய செம்புக் கம்பியே போதும்.

சிக்கல் பல்பில் வந்தது. கண்ணாடியை உருக்கி முழுதாக மூடிய பல்புக்கு எடிசன் தரப்பிடம் காப்புரிமை. வெஸ்டிங்ஹவுஸ் வேறு வழியின்றி, சீசாவுக்குத் தக்கை வைப்பதுபோல் இரண்டு துண்டாக 'ஸ்டாப்பர்' பல்பு செய்தார். மூட்டு வழியே காற்று கசியும். இழை சீக்கிரம் எரிந்துபோகும். மாற்றிக்கொண்டே இருக்க ஆட்கள். ஆனாலும் ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. அதே 1893-இல் நயாகரா நீர்மின் நிலையத்தின் ஜெனரேட்டர் ஒப்பந்தமும் வெஸ்டிங்ஹவுஸுக்குக் கிடைத்தது; 1896-இல் நயாகரா மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. கண்காட்சி மட்டுமே முடிவு செய்தது என்பது மிகை. லட்சக்கணக்கான பொதுமக்கள் கண்ணால் பார்த்தது அங்கேதான் என்பது சரி.

விவேகானந்தர் பேசியது கண்காட்சித் திடலிலா?

இல்லை. கண்காட்சியோடு சேர்த்து அறிவுத்துறை மாநாடுகள் பல நடத்தப்பட்டன. சர்வமத மகாசபை அவற்றில் ஒன்று. 1893 செப்டம்பர் 11 முதல் 27 வரை, திடலிலிருந்து சுமார் 11 கி.மீ. வடக்கே மிச்சிகன் அவென்யூவில், இன்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற கலை அருங்காட்சியகம் இயங்கும் கட்டடத்தில் நடந்தது. அவர் பேசிய கொலம்பஸ் மண்டபம் மாநாட்டுக்காக அமைத்த தற்காலிக மண்டபம், பிறகு அகற்றப்பட்டது. முதல் நாள் உரை, வரவேற்புக்குப் பதிலுரைதான். ஐந்து நிமிடத்துக்குள் படித்துவிடலாம். இந்து மதம் பற்றிய நீண்ட கட்டுரையை வாசித்தது செப்டம்பர் 19.

தமிழ்நாட்டுத் தொடர்பு உண்மையானது. மாநாட்டுக்குப் போகும்படி ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி தூண்டினார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் தலைமையில் இளைஞர்கள் வீடுவீடாக ஏறி இறங்கி நிதி திரட்டினார்கள். மே 31 பம்பாயில் கப்பல் ஏறியவர் ஜூலை இறுதியிலேயே சிகாகோ சேர்ந்துவிட்டார். மாநாடோ செப்டம்பரில். கையில் அறிமுகக் கடிதம் இல்லை. சிகாகோ செலவு கட்டுப்படியாகவில்லை. பாஸ்டன் பக்கம் போனார். ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் தந்த கடிதம்தான் மேடைக்கு வழி திறந்தது. 1897-இல் கொழும்பு வழியாகத் திரும்பி ஜனவரி 26 பாம்பனில் இறங்கியபோது சேதுபதி வரவேற்றார். குந்துகாலில் இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. பிப்ரவரியில் சென்னையில் தங்கிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

"விவேகானந்தரின் அசல் குரல்" என்று வரும் ஆடியோ?

போலி. அன்றைய ஒலிப்பதிவுக் கருவியில் குழலுக்குள் வாயை வைத்துப் பேசவேண்டும். ஒரு மெழுகு உருளையில் இரண்டு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். மண்டபத்தில் பேசுவதையும் கைதட்டலையும் தூரத்திலிருந்து பதிவு செய்ய வழியே இல்லை. நமக்குக் கிடைப்பது அச்சான அறிக்கைகளும் செய்தித்தாள்களும்.

இலங்கைக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, இரண்டு விதமாக. கொழும்பிலிருந்து போன அநகாரிக தர்மபால அதே மகாசபையில் பௌத்தம் பற்றிப் பேசினார். மாநாடு முடியும் தறுவாயில் சி. டி. ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கர் அவர் முன்னிலையில் பௌத்தம் தழுவினார். இரண்டாவது, தேயிலை. காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்தபின் தேயிலைக்குத் திரும்பியிருந்த தோட்டக்காரர்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடிக்க நினைத்தார்கள். கண்டி பாணியில் மரவேலைப்பாடு மிகுந்த இலங்கை மண்டபம் எழுப்பித் தேநீர் பரிமாறினார்கள். அந்த மண்டபத்தை ஒரு செல்வந்தர் விலைக்கு வாங்கி, விஸ்கான்சினில் ஜெனிவா ஏரிக்கரையில் வீடாக்கிக்கொண்டார், இப்போது இல்லை. கொழுந்து கிள்ளியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள் என்பதை அந்தத் தேநீர்க் கோப்பை சொல்லியிருக்காது.

"முதன்முதலில் சிகாகோ 1893-இல்" என்று படித்தால் எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று கேள்வி போதும். காப்புரிமை எந்த ஆண்டு? அந்தப் பெயர் 1893-க்கு முன்போ பின்போ எங்கே அச்சில் வருகிறது? இந்தக் கதையால் யாருக்கு வியாபாரம்?

ஜிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விட்கம் ஜட்சன் காப்புரிமை பெற்றது 1893 ஆகஸ்ட் 29. ஆனால் அது காலணிக்கான கொக்கி வரிசை, அடிக்கடி பிரிந்துகொள்ளும். நம் பேன்ட்டில் உள்ள ஜிப் கிடியோன் சண்ட்பேக் 1913-இல் செய்தது. பாத்திரம் கழுவும் இயந்திரம்: ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை 1886, ஆகவே முதல் அல்ல, பெரிய உணவகச் சமையலறைகளுக்கு அது அறிமுகமானது இங்கே. பாப்ஸ்ட் பீர் நீல ரிப்பன் பரிசு வென்றது என்பார்கள். சீசாக் கழுத்தில் நீல ரிப்பன் கட்டுவது 1882-லிருந்தே அவர்கள் வழக்கம். கிராக்கர் ஜாக் பாப்கார்ன்: அந்தப் பெயரே 1896-க்குரியது. ஹெர்ஷி சாக்லேட் கதை மட்டும் நன்றாகவே நிற்கிறது. கேரமல் மிட்டாய் வியாபாரியான மில்டன் ஹெர்ஷி, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர லேமன் நிறுவனம் காட்சிக்கு வைத்த இயந்திரங்களைப் பார்த்து விலைக்கு வாங்கி, 1894-இல் சாக்லேட் நிறுவனம் தொடங்கினார்.

'காற்று நகரம்' என்ற சிகாகோவின் பட்டப்பெயர் கண்காட்சிப் போட்டியில் பிறந்ததல்ல. 1876 நாளிதழிலேயே இருக்கிறது. ஹெச். ஹெச். ஹோம்ஸ் கண்காட்சிக்கு வந்தவர்களை நூற்றுக்கணக்கில் கொன்றான் என்ற 'கொலை மாளிகை' கதையும் பெரும்பாலும் பத்திரிகைச் சரக்கு. அவன் கொலைகாரன்தான், 1896-இல் தூக்கிலிடப்பட்டான். தண்டனை கிடைத்தது கூட்டாளி ஒருவனைக் கொன்றதற்கு.

அமெரிக்கப் பள்ளிகளில் சொல்லும் கொடி உறுதிமொழி?

ஆம், தொடர்பு நேரடியானது. கொலம்பஸ் 400 கொண்டாட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் சொல்வதற்காக பிரான்சிஸ் பெல்லமி எழுதி, 1892 செப்டம்பர் 8 அன்று ஒரு சிறுவர் வார இதழில் வெளிவந்தது. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954-இல் சேர்ந்தவை.

தாத்தாவின் பெட்டியில் கொலம்பஸ் அஞ்சல்தலை இருக்கிறது. விலை போகுமா?

எந்த மதிப்பு என்று பாருங்கள். 1893-இல் வந்த தொகுப்பில் 1 சென்ட் முதல் 5 டாலர் வரை 16 தலைகள். முக மதிப்பின் கூட்டல் 16 டாலர் 34 சென்ட். அமெரிக்காவின் முதல் நினைவு அஞ்சல்தலைகள் இவையே. ஊதா நிற 2 சென்ட் நூறு கோடிக்கும் மேல் அச்சானது. உங்களிடம் இருப்பது அநேகமாக அதுதான், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். டாலர் மதிப்புள்ளவை வேறு கதை. முத்திரை விழாமல், பின்பசையோடு இருந்தால் தேர்ந்தவரிடம் காட்டுங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். பசை போனால் விலையும் போகும்.

மேல் வலது மூலையில் 1892 என்று இருக்க வேண்டும். 1992 என்று இருந்தால் அது நூறாண்டு கழித்து வந்த மறுபதிப்பு. சிலர் 2 சென்ட் தலையில் கொலம்பஸுக்கு இடப்புறம் நிற்பவரின் 'உடைந்த தொப்பி'யைக் காட்டி அபூர்வம் என்பார்கள். அச்சுத் தகட்டின் தேய்மானம்தான், நிறையவே கிடைக்கும். அச்சிட்டவர்களின் தமாஷ் ஒன்று: 1 சென்ட் தலையில் கரையைத் தூரத்தில் காணும் கொலம்பஸ் மழுங்கச் சிரைத்த முகத்தோடு இருக்கிறார், 2 சென்ட் தலையில் கரையில் இறங்கும்போது முழுத்தாடி. வெவ்வேறு ஓவியர்களின் படங்களைப் பார்த்துச் செதுக்கியதன் விளைவு.

அரை டாலர் நினைவு நாணயம் என்றால் எடை 12.5 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. கண்காட்சியில் ஒரு டாலருக்கு விற்றது. மிஞ்சியதில் பெரும்பகுதியை உருக்கி, மீதியைப் புழக்கத்தில் விட்டார்கள். அதனால் தேய்ந்த நாணயம் ஏராளம்; வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தால் சரி.

சிகாகோ போனால் எதைப் பார்க்கலாம்?

ஒரு நாள் போதும். தெற்கே ஜாக்சன் பூங்காவில் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தின் பின்புறம், குளத்தைப் பார்த்த பக்கத்தில் நின்றால் 1893 படத்தின் கோணம் கிடைக்கும். அங்கிருந்து தெற்கே நடந்தால் மரத்தீவு. ஜப்பான் மண்டபம் இருந்த இடத்தருகே இப்போது ஜப்பானியத் தோட்டம். இன்னும் தெற்கே தங்கமுலாம் பூசிய 'குடியரசு' சிலை, 24 அடி. தடாகத்தில் நின்ற அசல் 65 அடி. இது 1918-இல் வைத்த சிறு வடிவம். மேற்கே திரும்பினால் மிட்வே, சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெறும் புல்வெளி. மாலையில் ரயிலேறி நகர மையத்துக்கு வந்து ஆர்ட் இன்ஸ்டிட்யூட் போகலாம். அதன் முன்னுள்ள மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 'சுவாமி விவேகானந்தர் வழி' என்று கௌரவப் பெயர்ப்பலகை உண்டு. வாசலில் உள்ள இரண்டு வெண்கலச் சிங்கங்களோடு படம் எடுத்துக்கொண்டு, விவேகானந்தர் இவற்றைத் தாண்டித்தான் உள்ளே போனார் என்று போட்டுவிடாதீர்கள். சிங்கங்கள் வந்தது 1894-இல்.